சுருணையும் பொதியும்

திருவனந்தபுரத்தின் பழைய ஆவணங்களைப் பற்றிப் படிக்கப் புகுவோர் முதலிற் சந்திக்கும் சொற்களுள் ஒன்று ‘சுருணை’ என்பது. கணக்கும் கட்டளையும் எழுதிய பனையோலைகளைச் சுருட்டிக் கட்டிய கட்டுக்கு அப்பெயர். ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஆவணங்கள் இன்றளவும் சுருணை சுருணையாகவே எண்ணப்படுகின்றன. வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் அவற்றிலே கலந்து கிடக்கின்றன. ஒரு சுருணையைச் சேர்ந்த ஓலை தவறிப்போய் வேறொன்றிற் புகுந்துவிட்டால், அதனை எழுதியவர் யார், அஃது எந்தக் கணக்கின் தொடர்ச்சி என்று கண்டறிவது பெரும்பாடு. ஓலையில் எழுத்து அழியாமல் இருக்கலாம். கட்டு குலைந்தால் அதன் பொருள் குலைந்துபோகும்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகைக் கட்டைப் பற்றியதே. கட்டற்ற மென்பொருள்களைக் கணிப்பொறிக்கேற்ற பொதிகளாகக் கட்டுவதற்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் தொண்டர்கள் கூடி வகுத்துக்கொண்ட நெறிகளின் வரலாறு அது. கேட்டவுடன் இஃது ஏதோ பொறியாளர் தம்முள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி என்று நேயர்கள் எண்ணலாம். அவ்வாறன்று. திருவனந்தபுரத்துப் பூஜப்புரையில் இருந்து இயங்கும் ‘கைட்’ என்னும் கேரள அரசு நிறுவனம் தரும் இயங்குதளத்தைக் கொண்டே இம்மாநிலத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறி பயில்கின்றனர். இங்குச் சாலைக் கடைத்தெருவை அடுத்த தமிழ்ப் பள்ளியிலும், சித்தூரிலும், தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களிலும் தமிழ்வழியிற் படிக்கும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர்; அவர்களுக்கெனக் கணிப்பொறிப் பாடநூல் தமிழிலும் அச்சாகிறது. அப்பிள்ளைகளின் திரையில் ‘அ’ என்ற எழுத்துப் பிழையின்றித் தோன்றுவதற்கும் நாம் சொல்லப்போகும் நெறிகளுக்கும் நேரான தொடர்பு உண்டு.

‘கட்டற்ற’ என்பதை விலையற்ற என்று பொருள் கொள்ளலாகாது. ஒரு மென்பொருளை எக்காரியத்திற்கும் பயன்படுத்தவும், அஃது இயங்கும் வகையை உள்ளே புகுந்து படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உள்ள உரிமையையே அச்சொல் குறிக்கிறது. அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27-ஆம் நாள் ‘குனு’ என்ற திட்டத்தை அறிவித்ததிலிருந்து இவ்வியக்கம் கணக்கிடப்படுகிறது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய ‘லினக்ஸ்’ என்னும் உட்கரு இதனோடு சேரவே, முழு இயங்குதளம் ஒன்று கைக்கு எட்டுவதாயிற்று.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நிரல் எதுவும் தனித்து வாழ்வதன்று. கடிதம் எழுத உதவும் நிரலுக்கு எழுத்துரு வேண்டும். எழுத்துருவைத் திரையில் வரைய மற்றொரு நிரல் வேண்டும். அதற்கு அடியில் இன்னொன்று. இவற்றை ஆக்கியவர்களோ ஒருவரை ஒருவர் கண்டறியாதவர்கள். ஒருவர் தம் நிரலை ஓர் இடத்தில் வைக்கச் சொல்லுவார். மற்றவர் அதே இடத்தில் தம்முடையதை வைப்பார். ஒன்றைப் புதுப்பித்தால் பிறிதொன்று நின்றுபோகும். இத்துணை நிரல்களையும் திரட்டி, ஒன்றோடொன்று இசையச் செய்து, ஒரே தொகுதியாக வழங்குவதற்கு ‘வழங்கல்’ என்று பெயர். 1992-இல் தோன்றிய ‘சாப்ட்லேண்டிங்’ என்னும் வழங்கல் அத்தகைய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. அதில் மலிந்த பிழைகளைக் கண்டு மனம் சலித்தவர் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் அயான் மர்டாக். 1993 ஆகஸ்டு 16-ஆம் நாள் அவர் புதிய வழங்கல் ஒன்றை அறிவித்தார். தம் காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்கு ‘டெபியன்’ என்று பெயரிட்டார். கேரளப் பள்ளிகளின் இயங்குதளத்திற்கு மூதாதை இந்த டெபியனே.

மர்டாக்கின் கருத்து எளியது. ஒவ்வொரு நிரலையும் ஒருவர் பொறுப்பேற்றுப் பொதியாகக் கட்டுக. பொதிகள் யாவும் ஒரே நெறிப்படி அமைக. அங்ஙனமாயின், நூறு பேர் நூறு ஊர்களில் தனித்தனியே கட்டினாலும் அவை ஒரே வீட்டுச் சாமான்போல் பொருந்தும். பொதிகளை அவிழ்த்து உரிய இடத்தில் நிறுத்தும் கருவியை 1994-இல் கேம்பிரிட்ஜ்காரரான அயான் ஜாக்சன் திருத்தி எழுதினார். அவரே 1996-இல் பொதி கட்டும் நெறிகளைத் தொகுத்துக் ‘கொள்கைக் கையேடு’ ஆக்கினார். கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் பின்னர் அதனை வளர்த்தார். அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த டெபியன் 1.1 பதிப்பில் இருந்த பொதிகள் 474. 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பில் அவை 69,000-க்கு மேற்பட்டன. நெறிநூல் ஒன்று இல்லாமல் இவ்வளர்ச்சி நிகழ்ந்திராது என்பதில் நமக்கு ஐயமில்லை.

அக்கையேட்டைப் புரட்டும்போது மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மை முதலிற் கவருவது அதன் வினைமுற்றுக்கள். ‘மஸ்ட்’ என்று வருமிடத்தில் அது விலக்கற்ற கட்டளை. மீறிய பொதி வெளியீட்டிற் சேராது. ‘ஷுட்’ என்று வருமிடத்தில் மீறினால் அது குறையே, ஆயினும் பொதி தள்ளப்படாது. ‘மே’ என்பது விருப்பத்திற்கு விடப்பட்டது. இவற்றைத் தமிழில் ‘வேண்டும்’, ‘தக்கது’, ‘-லாம்’ என்று பிரித்துக்கொள்ளலாம். அரசாங்க ஆணைகளைத் தமிழாக்கும்போது இம்மூன்றையும் ஒரே ‘வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போகும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ஒரு சொல்லின் வேற்றுமையால் ஒரு பொதி உலகிற்குச் செல்வதும் செல்லாமல் நிற்பதும் உண்டாகிறது என்பதை எண்ணிப்பார்க்கையில், அவ்வழக்கம் எத்துணைத் தீங்குடையது என்பது விளங்கும்.

பொதியினுள் மூலநிரலோடு சில கோப்புக்கள் கட்டாயம் இருத்தல் வேண்டும். மூலநிரலாவது, மனிதன் எழுதிய வடிவம். பொறி இயக்கும் வடிவம் அதிலிருந்து ஆக்கப்படுவது. அதனோடு வைக்கும் கோப்புக்களுள் ஒன்று, இப்பொதி எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்தது, எதனோடு முரண்படும் என்று சொல்லும். ஒன்று, மாற்றம் ஒவ்வொன்றையும் செய்தவர் பெயரோடும் நாளோடும் பதிவு செய்யும். ஒன்று, மூலத்திலிருந்து பொறிவடிவத்தை ஆக்கும் படிமுறையைக் கூறும். மற்றொன்று உரிமைக் கோப்பு. அதனைப் பின்னர் விரிப்போம். பொதியின் பெயருக்கும் வரையறை உண்டு: ஆங்கிலச் சிற்றெழுத்து, இலக்கம், கூட்டல், கழித்தல், புள்ளி ஆகியவற்றையன்றிப் பிறிதொன்றும் கூடாது. பொதியைப் பற்றிய ஒருவரிச் சுருக்கம் 80 எழுத்துக்குள் அடங்குவதோடு, பொதியின் பெயரையே அதில் திரும்பச் சொல்லாதிருத்தல் வேண்டும். இந்தக் கடைசி விதியை நம் நூற்பட்டியல்காரர்களும் பின்பற்றினால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

இவ்விதிகளுள் நாம் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. கணிப்பொறியின் சொந்தக்காரர் தம் தேவைக்கேற்ப அமைப்புக் கோப்பு ஒன்றில் கைப்படத் திருத்தம் செய்திருந்தால், பொதியைப் புதுப்பிக்கும்போது அத்திருத்தத்தை அழித்தல் ஆகாது; காத்தே ஆக வேண்டும். பொதி கட்டியவர் அதனினும் மேலான அமைப்பைக் கண்டிருக்கலாம். இருப்பினும் வீட்டுக்காரர் மாட்டிய படத்தைக் கழற்றுகிற உரிமை வெள்ளையடிக்க வந்தவருக்கு இல்லை.

இனி உரிமைக் கோப்பு. பொதியில் அடங்கியவற்றை ஆக்கியவர் யார், எந்த உரிமத்தின் கீழ் அவர் அதனை வழங்கினார் என்பதை உரிமத்தின் வாசகம் மாறாமல் எழுதி, பொதி நிறுவப்படும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்கிறது கையேடு. ஆக்கியோன் பெயர் கட்டோடு செல்லாவிடின் விளைவது யாது என்பதற்குத் திருவனந்தபுரமே சான்று தரும்.

திருநெல்வேலியைச் சார்ந்த தருவை என்னும் ஊரிற் பிறந்து, திருவிதாங்கூர் அரசின் சமஸ்கிருத நூல் வெளியீட்டுத் துறையை நடத்தியவர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார். பழஞ்சுவடி தேடி ஊர் ஊராகச் சென்ற அவருக்கு, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுந் தறுவாயில், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிட்டியது. உள்ளே இருந்தவை வடமொழி நாடகங்கள். காளிதாசனே தன் முன்னோனாகப் போற்றிய பாசனுடைய நாடகங்கள் இவை என்று சாஸ்திரியார் முடிவு செய்து, 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் பதின்மூன்று நாடகங்களை அச்சேற்றினார். கற்றறிந்த உலகம் வியந்தது; உடனே வழக்கும் எழுந்தது. ஏனெனில் நாடகத்தின் முன்னுரையிலேனும் முடிவிலேனும் ஆசிரியன் பெயர் இல்லை. நூறாண்டுக்கு மேலாகியும் அவ்வழக்கு முற்றாகத் தீரவில்லை. ஏடு எழுதியவர்கள் கண்ணும் கருத்துமாகப் பிரதி செய்தார்கள். ஆக்கியோன் பெயர் ஒன்று மட்டும் கட்டோடு வரவில்லை. அவ்வளவுதான்.

பாசன் நாடகத்தை அச்சிட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; காலம் கடந்துவிட்டது. மென்பொருளின் நிலை அதுவன்று. உரிமம் எழுதப்படாத நிரல் சட்டப்படி ஆக்கியவருக்கே உரியது. அதனைப் பிரதி செய்தலும் குற்றம், திருத்துதலும் குற்றம். இந்திய மொழிகளுக்கெனத் தொடக்கக் காலத்தில் விலையின்றி வழங்கப்பட்ட எழுத்துருக்களுள் பல, உரிமம் இன்னதென்று சொல்லாமலேயே வழங்கப்பட்டவை. கொடுத்தவர் உள்ளம் தாராளமானதே. எனினும் எழுதிக் கொடாத தானம் பொதியில் ஏறாது.

எந்த உரிமத்தைக் கட்டற்றது என்று ஏற்பது என்ற வினாவுக்கு 1997 ஜூலை 5-ஆம் நாள் டெபியன் தொண்டர்கள் ஏற்றுக்கொண்ட சமூக உடன்படிக்கை விடை தந்தது. புரூஸ் பெரென்ஸ் அதனை வடித்தெடுத்தார். அதன் பகுதியாகிய வழிகாட்டு நெறிகள் பத்து. பிறருக்கு வழங்குவதைத் தடுத்தலாகாது, மூலநிரல் உடன்வருதல் வேண்டும், ஆளையோ கூட்டத்தையோ தொழிலையோ பார்த்து வேற்றுமை காட்டலாகாது என்பன அவற்றுட் சில. ‘கல்விக்கு மட்டும்’ என்று எழுதிய உரிமமும் இதன்படி தள்ளப்படும். நல்லெண்ணத்தால் எழுதிய கட்டுப்பாடும் கட்டுப்பாடே. பள்ளியில் கற்ற கருவியைப் பிள்ளை வளர்ந்து கடைக்கணக்கிற்குப் பயன்படுத்தினால் குற்றவாளி ஆகிவிடும் அன்றோ? மறு ஆண்டே இந்நெறிகள் சிறு மாற்றத்துடன் உலகெங்கும் ‘திறமூல’ வரையறையாக ஏற்கப்பட்டன.

உரிமங்களை ஆராயும் தொண்டர்கள் தமக்குள் கையாளும் சோதனை ஒன்று சுவையானது. ஆளற்ற தீவிலே ஒருவன் ஒதுங்கிக் கிடக்கிறான். வெயிலால் இயங்கும் கணிப்பொறி ஒன்று அவனிடம் உண்டு. வெளியுலகத் தொடர்பு இல்லை. ‘திருத்தம் செய்தால் எனக்கு அனுப்பியாக வேண்டும்’ என்று உரிமம் கூறுமானால், அவன் தன் நிரலைத் திருத்தி அருகிலிருக்கும் தோழனுக்குக் கொடுக்கக்கூட முடியாது. ஆதலின் அவ்வுரிமம் கட்டற்றதன்று. நம் தர்க்க நூலார் காட்டும் உவமைகளுக்கு இது சிறிதும் குறைந்ததன்று என்பது நம் எண்ணம். பெயருரிமை பற்றிய பிணக்கில் ‘பயர்பாக்ஸ்’ உலாவியைக்கூட 2006 முதல் பத்தாண்டுக்காலம் ‘ஐஸ்வீசல்’ என்ற வேறு பெயரில் வழங்கினார்கள், அத்துணைக் கண்டிப்பு.

கண்டிப்பு இருந்த இடத்திலும் பிழை நேர்ந்தது. 2006-இல் மறைகுறிப் பணிக்குரிய ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்ற நிரலைப் பொதியாக்கும்போது, சோதனைக் கருவியொன்று குறை கூறியதன்பேரில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. வேண்டாத வரிகள் என்றே தோன்றின. உண்மையில், இரகசியத் திறவுகளை எவரும் ஊகிக்க இயலாதபடி செய்த தற்செயல் தன்மை அவ்வரிகளையே நம்பியிருந்தது. அவை போனபின் ஒவ்வொரு வகையிலும் பிறக்கக்கூடிய திறவுகள் ஏறத்தாழ 32,000 மட்டுமே. ஒரு பூட்டுக்கு முப்பத்திரண்டாயிரம் சாவி என்பது மனிதனுக்குப் பெரிது. கணிப்பொறிக்கு ஒரு மூச்சு. 2008 மே 13-ஆம் நாள் இது வெளிப்பட்டபோது, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் இடைக்காலத்தில் ஆக்கிய திறவுகள் அனைத்தும் தள்ளப்பட வேண்டியதாயிற்று.

ஏடெழுதுவோர் தமக்குப் புரியாத பாடத்தைப் பிழையென்று கருதித் திருத்தியதால் நம் இலக்கியங்களுக்கு நேர்ந்த கேட்டை உ.வே. சாமிநாதையரவர்கள் நூல்களைப் பயின்றோர் அறிவர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட அப்பெருமான், சுவடிதோறும் வேறுபட்டு நின்ற பாடங்களைப் பிரதிபேதமெனத் தனித்துக் காட்டும் வழக்கத்தைத் தம் பதிப்புக்களில் நிலைநாட்டினார். பொதியாக்கத்திலும் அம்முறையே வந்து சேர்ந்தது. 2008-க்குப் பின் வந்த ஆண்டுகளில், ஆக்கியோனின் மூலத்தைத் தொடாமல் வைத்து, பொதியாளரின் திருத்தங்களைத் தனித்தனி ஏடுகளாக அதன் மேல் அடுக்கி, ஒவ்வொன்றையும் செய்தவர் யார், எதன்பொருட்டு, மூலத்தின் ஆசிரியருக்கு அறிவிக்கப்பட்டதா என்று தலைப்பில் எழுதும் வழக்கம் பரவிற்று. மூலம் வேறு, உரை வேறு என்று காட்டியபின் வாசகன் இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம்.

இந்நெறிகள் கேரளத்திற்கு வந்த கதைக்கு வருவோம். 2001 ஜூலை 20-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில், விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் அவர்களின் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி பள்ளிகளில் கணிப்பொறிக் கல்விக்கான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பிறந்தது. தொடக்கத்தில் பாடங்கள் விலைகொடுத்து வாங்கும் வாணிக மென்பொருளையே சார்ந்திருந்தன. ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பிள்ளைகளின் பாடத்திட்டமாக்குவது முறையோ என்ற கேள்வி ஆசிரியர்களிடையே எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் திட்டம் கட்டற்ற மென்பொருளுக்குத் திரும்பியது. முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு கேரளப் பள்ளிகளுக்கெனத் தனி இயங்குதளம் ஆக்கப்பட்டது. 2007-இன் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்குச் சிறப்பிடம் தந்தது. 2017-இல் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று.

இதில் மிச்சமான பணத்தைப் பற்றியே பலரும் பேசுவர். நமக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஆசிரியர்கள் தமக்கு வேண்டாத பொதிகளை நீக்கினார்கள். வேண்டிய வடிவியல் கருவியையும் படம் வரையும் கருவியையும் மலையாள எழுத்துக்களையும் சேர்த்தார்கள். தொகுதியைப் புதிதாகக் கட்டினார்கள். எவரிடமும் மனுப் போடவில்லை. வழிகாட்டு நெறிகளின்படி கட்டிய பொதிகள் ஆதலின் அதற்கான உரிமை பொதியினுள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

எழுத்துக்களின் கதை தனிக்கதை. 1971-இல் கேரள அரசு, தட்டச்சுப் பொறிக்கு இசைய, மலையாளக் கூட்டெழுத்துக்களைக் குறைத்தும் உகர ஊகாரக் குறிகளைப் பிரித்தும் சீர்திருத்தம் செய்தது. 1978-இல் தமிழ்நாட்டில் ‘ணை’, ‘லை’, ‘னை’ முதலியவை மாறியதை நினைவுகூர்வோருக்கு இது விளங்கும். எனினும் மலையாளத்தில் மாறியவை அளவில் மிகப் பல. தட்டச்சுப் பொறி மறைந்து கணிப்பொறி வந்தபின்னும் அந்தக் குறுக்கம் எதற்கு என்று கேட்டு 1999-இல் திருவனந்தபுரத்தில் எழுந்தது ‘ரசனா அட்சரவேதி’. ஆர். சித்ரஜகுமார் அதன் முன்னோடி. பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த கே.எச். ஹுசைன், பழைய எழுத்து முறையின் கூட்டுக்களை எல்லாம் அடக்கிய ‘ரசனா’ எழுத்துருவை வரைந்தார். பின்னர் அது குனு பொது உரிமத்தின் கீழ் வெளியாயிற்று. 2002-இல் தோன்றிய ‘சுதந்திர மலையாளம் கணிமை’ என்னும் தொண்டர் குழு, ‘ரசனா’வையும் ‘மீரா’வையும் பிறவற்றையும் பேணி வளர்த்து, டெபியன் பொதிகளாக உலகிற்குச் செல்ல வழி செய்தது.

இங்கே நெறியின் கடுமை புலப்படும். எழுத்துருவிற்கு மூலம் எது? அச்சுக்குத் தரும் முடிந்த கோப்பா, வரைபவர் கையாளும் பணிக்கோப்பா? ‘திருத்தம் செய்வதற்கு விரும்பத்தக்க வடிவம் எதுவோ அதுவே மூலம்’ என்பது குனு உரிமத்தின் கருத்து. ஆகவே வளைவையும் சுழியையும் மாற்றத்தக்க பணிக்கோப்பும், கூட்டெழுத்து பிறக்கும் விதிகளும் கிடைக்க வேண்டும். 1971-இல் ஓர் ஆணையால் ஓரங்கட்டப்பட்ட எழுத்து வடிவங்கள், இன்று எவரும் எடுத்துத் திருத்தத்தக்க மூலத்தோடு சேமநிதியில் இருக்கின்றன. இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

எழுத்துருப் பொதிகளின் பெயர் முதலில் ‘டி.டி.எப்.’ என்று தொடங்கியது. வேறு வடிவங்களும் வந்தபின் அது பொருந்தாமற் போகவே, ‘பாண்ட்ஸ்’ என்று தொடங்குமாறு மாற்றினர். பழைய பெயரைக் கேட்பவர் ஏமாறாதிருக்க, உள்ளே ஒன்றுமில்லாத பொதி ஒன்றை அப்பெயரில் வைத்து, அது புதிய பொதியை அழைத்துவருமாறு செய்தனர். 1991-இல் ‘டிரிவேண்ட்ரம்’ திருவனந்தபுரம் ஆனபோது பழைய பெயரெழுதிய கடிதங்களைத் தபாற்காரர் திருப்பி அனுப்பிவிடவில்லை, இதுவும் அதுபோன்றதே.

உலக டெபியன் தொண்டர்களின் ஆண்டு மாநாடு முதன்முறையாக இந்தியாவில் கூடியது 2023 செப்டம்பரில், கொச்சியில். அடுத்த ஆண்டே நெறிகளுக்குக் கடுஞ்சோதனை வந்தது. ‘எக்ஸ்.இஸட்.’ என்னும் சுருக்கு நிரலின் பராமரிப்பில் ஈராண்டுக்கு மேலாக நல்லவர்போல் உழைத்து நம்பிக்கை பெற்ற, புனைபெயர் கொண்ட ஒருவர், அதனுள் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். தன் டெபியன் கணிப்பொறியில் உள்நுழைய அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், 2024 மார்ச்சு 29-ஆம் நாள் அதனை வெளியிட்டார். டெபியனின் நிலைத்த பதிப்பில் அஃது இன்னும் ஏறவில்லை. சோதனைப் பதிப்புக்களோடு நின்றது. கள்ளத்தின் திறவுகோலான சில வரிகள், எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. பொதியாளர்கள் எடுத்துச் செல்லும் வெளியீட்டுக் கட்டில் மட்டுமே இருந்தன. கட்டையும் களஞ்சியத்தையும் ஒத்துப் பார்க்கும் வேலைக்கு அதன்பின் புதிய வேகம் பிறந்தது. ஒரே மூலத்திலிருந்து இருவர் தனித்தனியே ஆக்கினாலும் பொறிவடிவம் ஓர் எழுத்தும் வேறுபடாமல் வர வேண்டும் என்று 2013 முதல் டெபியனில் நடந்துவரும் முயற்சியும் இவ்வகையினதே. இரு ஏடெழுதுவோரின் பிரதிகளை அருகருகே வைத்துப் படிப்பது போன்றது அது.

மலையாளத் தொண்டர்கள் தமிழுக்கும் ஓர் எழுத்துரு தந்திருக்கின்றனர் என்பதைத் தமிழ் நேயர்கள் பலர் அறியார். ‘மீரா இனிமை’ என்பது அதன் பெயர். ரசனா வரைந்த அதே ஹுசைனின் கைவண்ணம். டெபியனில் அதற்குத் தனிப்பொதி உண்டு. சங்கப் புலவர் பரணரின் பெயர் தாங்கிய பழைய தமிழ் எழுத்துரு ஒன்றும் அங்கே வேறொரு பொதியில் இருக்கிறது. இப்பொதிகளை நிறுவிய கணிப்பொறியில் ‘யு.எஸ்.ஆர்.’, அதனுள் ‘ஷேர்’, அதனுள் ‘டாக்’ என்று அறைக்குள் அறையாகச் சென்றால் பொதியின் பெயரில் ஓர் அடைவு காணப்படும். அதில் உள்ள உரிமைக் கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். எழுத்தை வரைந்தவர் பெயரும் ஆண்டும் உரிமத்தின் வாசகமும், பொதி கட்டியவர் பெயரோடு, அங்கே எழுதப்பட்டிருக்கும்.